எயார் ரைபிளுக்கு வார் போடப் போய்ச் சோங்கு பிளந்த கதை

மரச் சோங்கு (தோளில் அணைக்கும் மர உடல்) உள்ள துவக்குக்குத் தோள்வார் கொளுவ யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? கொடுக்கிறதுக்கு முன் ஒருதரம் இதை வாசியுங்கள்.

என்னிடம் இருப்பது பெரியப்பா வைத்திருந்த, குழலை மடித்து ஈயக் குண்டு போடும் எயார் ரைபிள். பீச் மரச் சோங்கு. அனுமதிப்பத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது. வார் போட வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: சோங்கின் அடியில் பின்னுக்கொன்று, முன்னுக்கொன்று என்று இரண்டு ஸ்டட் (தலையில் ஓட்டையுள்ள ஸ்குறூ), அவற்றில் கொளுவ இரண்டு ஸ்விவல் (வாரைக் கோர்க்கும் வளையம்). பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரு கடையில் "அரை மணித்தியால வேலை தம்பி, சாமான் ஒரிஜினல் இரும்பு" என்றார்கள். கூலியும் சேர்த்து 9,500 ரூபாய். பத்திரத்தைக் கேட்கவே இல்லை. அப்போதே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வேலை முடிந்து, சோங்கெல்லாம் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

மூன்றாம் கிழமை வெள்ளவத்தையில் வீட்டுப் படி ஏறும்போது முன் ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வர, துவக்கு படியில் விழுந்தது. நல்லவேளை, உள்ளே குண்டு இல்லை. ஸ்டட்டின் புரியில் மரத்தூளும் வெள்ளையாகக் காய்ந்த சுப்பர் குளூவும் ஒட்டியிருந்தன. சந்தேகம் வந்து பின் ஸ்டட்டைச் சுற்றி நகத்தை ஓட்டினேன். ஏதோ தட்டியது. மேலே இருந்த லாக்கரைச் சுரண்டினால் இரண்டு அங்குல வெடிப்பு! தூளையும் பசையையும் அடைத்து மேலே பூசியிருக்கிறார்கள். மரம் யார் கையிலும் வெடிக்கும், அதற்கு நான் சண்டை பிடிக்கமாட்டேன். மூடி மறைத்துவிட்டு முழுக் காசும் வாங்கினார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

மொறட்டுவையில் தளபாட வேலை செய்யும் தெரிந்த பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஸ்டட்டின் ஸ்குறூ தடிப்பானது, அதற்கு முதலில் 4 மில்லிமீற்றர் அளவில் வழித்துளை போட வேண்டும், புரியில் சவர்க்காரம் தேய்த்து மெதுவாக முறுக்க வேண்டும் என்றார். இங்கே துளை மெலிசு, சவர்க்காரமும் இல்லை, பலவந்தமாக முறுக்கியிருக்கிறார்கள். போதாததற்கு இடமும் பிழை. பின் ஸ்டட் வழக்கமாகச் சோங்கின் கீழ்நுனியிலிருந்து இரண்டரை அங்குலம் தள்ளி வரும். எனக்கு ஒரு அங்குலம்கூட இல்லை. விளிம்புக்கு அவ்வளவு கிட்ட முறுக்கினால் மரம் பிளக்காமல் என்ன செய்யும்?

முன்பக்கம் இன்னும் மோசம். மடிக்கும் ரைபிளில் ஸ்பிரிங்கை அழுத்தும் கம்பி முன்கட்டைக்குள் இருக்கும் பள்ளத்தில்தான் ஓடும். அதனால் அங்கே மரம் மெலிசு. மரத்துக்கு முறுக்கும் குட்டை ஸ்குறூ அதில் நிற்காது. முன் ஸ்டட்டுக்கு உள்ளே நட் வைத்து இறுக்குவதுதான் முறை, அதுவும் கம்பியில் படாத இடம் பார்த்து. என்னுடையதில் ஸ்குறூ நுனி பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கம்பியில் நீளமாக ஒரு கீறல். குழலை மடிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று கேட்டது இதுதான். நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன், மடையன்!

'ஒரிஜினல் இரும்பு' எப்படி என்று ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஸ்விவல் இரண்டிலும் ஒட்டவே இல்லை. கறுப்புப் பூச்சுக்குக் கீழே ஏதோ மலிவு உலோகம்.

கடைக்குப் போனேன். "நீங்க இழுத்திருப்பீங்க தம்பி" என்றார் அதே ஆள். வாரைத் தோளில் போட்டால் இழுபடாமல்? வெடிப்பைக் காட்டினேன், அது முன்பே இருந்ததாம். வேலைக்கு முன் நான் படம் எடுத்து வைக்கவில்லை, பில்லும் கேட்டு வாங்கவில்லை. அதற்குமேல் பேச எனக்கு வாயில்லை. நீங்களாவது இரண்டையும் செய்துவிட்டுக் கொடுங்கள். எங்கே, எத்தனை மில்லிமீற்றர் துளை போடுவீர்கள் என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் துவக்கைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பாஸ் வெடிப்பை எபொக்சி விட்டுக் கிளாம்பில் ஒரு நாள் இறுக்கி வைத்தார், பழைய துளைகளை மரக்குச்சி அறைந்து அடைத்தார். 4,000 ரூபாய். பின் ஸ்டட்டைச் சரியான இடத்தில் போட்டுத் தருகிறேன் என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.