தலைப்பிரசவம்: அரசு மருத்துவமனையா, பக்கத்து நர்சிங் ஹோமா?

தனி அறை, மாதாமாதம் அதே டாக்டர், நின்று நிதானமாகக் கேள்வி கேட்க நேரம். இதிலெல்லாம் நர்சிங் ஹோம்தான் ஜெயிக்கும். அரசு மருத்துவமனையில் வரிசை, பொது வார்டு, அன்று பணியில் இருப்பவர்தான் டாக்டர்.

சரி, ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால்? தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள சீமாங்க் (அவசரப் பிரசவ, பச்சிளம் குழந்தை சிகிச்சை) மையங்கள் இதற்காகவே 24 மணி நேரமும் இயங்குகின்றன. மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி, பச்சிளம் குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில். சின்ன நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து டாக்டரை ஃபோன் போட்டு வரவழைப்பதுண்டு. நிலைமை மோசமானால் பல நேரம் அதே அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள்!

சிசேரியனையும் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தனியாரில் நடந்த பிரசவங்களில் சுமார் 64 சதவீதம் சிசேரியன், அரசில் நடந்தவற்றில் 36 சதவீதம். சிக்கலான கேஸ்கள் அரசுக்குப் போயும் இந்த வித்தியாசம்.

செலவைச் சொல்லவே வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்றால் என் ஓட்டு யோசிக்காமல் அரசுக்கு. மற்றபடி, ராத்திரியில் யார் இருப்பார்கள், ரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டு நேரான பதில் சொல்லும் நர்சிங் ஹோம் என்றால் தாராளமாகப் போகலாம். அப்புறம், எங்கே போனாலும் பிக்மி எண்ணை (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண்) சீக்கிரமே வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும்.