தலைவரின் பேச்சை விவாதிக்க எந்த வடிவம்: ஆறு பேர் குழுவா, மைக் கட்டுப்பாடா, நேர்காணலா?

தலைவர் மேடையில் 40 நிமிடம் பேசியிருப்பார். இரவு தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்து சேர்வது அதில் 20 விநாடித் துணுக்கு.

அதைச் சுற்றி ஆறு பேரை உட்காரவைத்தால் கணக்கு இப்படிப் போகும்: 60 நிமிடத்தில் விளம்பரத்துக்கு 12, முன்னுரை, துணுக்கு, நெறியாளர் கேள்விகளுக்கு 12. மிச்சம் 36, ஆளுக்கு 6 நிமிடம். அதை நான்கு சுற்றாகப் பிரித்தால் ஒரு முறைக்கு ஒன்றரை நிமிடம். பேச்சின் முன்பின்னை விளக்க அது போதாது, வசைபாடத் தாராளம். வெளியூரிலிருந்து இணைபவர் பாடு இன்னும் மோசம். செயற்கைக்கோள் இணைப்பில் கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடியாவது ஆகும். அதற்குள் அரங்கில் இருப்பவர் புகுந்துவிடுவார். மிக்ஸ் மைனஸ் (அவர் குரலை மட்டும் நீக்கி மற்ற ஒலியை அவருக்கு அனுப்பும் ஏற்பாடு) சரியாக அமையாவிட்டால் தன் குரலே காதுக்குத் திரும்பி வந்து நாக்குத் தடுமாறும். பதில் தெரியாமல் திணறுகிறார் என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள்.

இருவர் மட்டும், மைக் கட்டுப்பாட்டோடு என்பது அடுத்த வடிவம். 2020இல் டிரம்ப்–பைடன் முதல் விவாதம் குறுக்கீடுகளால் நாறியதும், அக்டோபர் 22 விவாதத்தில் ஒவ்வொரு தலைப்பின் தொடக்கத்திலும் ஆளுக்கு 2 நிமிடம் கொடுத்து, அப்போது எதிராளியின் மைக்கை அணைத்தார்கள். அதே இருவரின் 2024 ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தில் முறை வராதவரின் மைக் அணைந்தே இருந்தது. அரங்கில் பார்வையாளர்களும் கிடையாது. குறை இல்லாமல் இல்லை. பக்கத்தில் நின்று கத்தினால் அடுத்தவர் மைக்கிலேயே சத்தம் ஏறும். பொய் மேற்கோள் ஒன்று 2 நிமிடம் மறுப்பின்றி ஓடும். அதனால் உடனே 1 நிமிட மறுப்பு தர வேண்டும். அணைக்கும் பொத்தானும் நெறியாளர் கையில் இருக்கக் கூடாது. கட்டுப்பாட்டு அறையில், இருவர் கண்ணுக்கும் தெரியும் கடிகாரப்படி இயங்க வேண்டும். இல்லாவிட்டால் விவாதமே 'என் மைக்கை ஏன் அணைத்தீர்கள்' என்று திசைமாறும்.

நேர்காணல் வடிவம், பேச்சின் முழு எழுத்துப்படியைப் படித்த நெறியாளர் கிடைத்தால் மட்டுமே தேறும். படிக்காத நெறியாளரை 'தலைவர் சொல்லவந்தது அதுவல்ல' என்ற ஒற்றை வரியால் கட்சிப் பேச்சாளர் கடைசிவரை சமாளித்துவிடுவார்.

பேச்சு பற்றிய விவாதத்துக்கு எங்கள் தேர்வு இரண்டாவதுதான். சர்ச்சை வரிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நிமிடமாவது சேர்த்துத் துணுக்கை வெட்டி, ஒளிபரப்புக்கு முன்பே இருவருக்கும் அனுப்புங்கள். முதல் கேள்வி 'அப்படிப் பேசியது சரியா?' என்று இருந்தால் இருவரும் மனப்பாடத்தை ஒப்பிப்பார்கள். 'அவர் சொன்ன எண்ணிக்கைக்கு ஆதாரம் எது?' என்று கேளுங்கள்.