விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்: நடைச் சோதனையில் பல வருட அனுபவம்

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை எடுப்பது பிசியோதெரபிஸ்ட்டான என் அன்றாட வேலை. பல வருடமாகக் கூடவே இருப்பது, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதையும் நாடித் துடிப்பையும் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஆக்சிஜன் அளவுக்கு அதை நம்பலாம். மூச்சு எப்படி இருக்கிறது என்று அறிய அது மட்டும் போதாது.

நடந்து முடித்த பிறகு விரலில் மாட்டிப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நின்று நாலு மூச்சு வாங்கியதுமே அளவு ஏறத் தொடங்கிவிடும், நடுவில் எவ்வளவு இறங்கியது என்பது தெரியாமலே போகும். ஐரோப்பிய சுவாசச் சங்கமும் அமெரிக்க தொராசிக் சொசைட்டியும் 2014-ல் வெளியிட்ட வழிமுறை, நடை முழுக்கத் தொடர்ந்து அளந்து மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆக்சிஜன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் நடையை நிறுத்த வேண்டும். நுரையீரலில் தழும்பு விழும் ஐஎல்டி நோயாளிகளிடம் இதன் அருமை தெரியும். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுபவர், மூன்றாவது நிமிடத்தில் 85-க்கு வந்துவிடுவார்.

மூச்சுக்குழாய்கள் குறுகிப்போகும் சிஓபிடி நோயின் கதை வேறு. ஒரு பெரியவர் 30 மீட்டர் வராந்தாவின் பாதியிலேயே ஜன்னல் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள் இரண்டும் ஏறி இறங்க, உதட்டைக் குவித்து ஊதுகிறார். கருவியில் 94. "நம்பர் நல்லாத்தானே இருக்கு, நடங்கப்பா" என்றார் மகன். உண்மையில் அவருக்கு உள்ளே போன காற்று முழுசாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. நெஞ்சில் பழைய காற்று தேங்கி, புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. அந்தத் தவிப்பு விரல் நுனியில் தெரியாது.

சில மாடல்கள் மூச்சு எண்ணிக்கையும் காட்டுகின்றன. நாடி அலையின் ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிடுவார்கள். உட்கார்ந்திருக்கும்போது ஓரளவு சரியாகவே இருக்கிறது. நடக்கும்போது கை ஆடுவதால், நான் கண்ணால் எண்ணியதோடு ஒத்துவரவே இல்லை. அதனால் நடை முடிந்ததும் நோயாளியிடம் சொல்லாமல் நெஞ்சைப் பார்த்து எண்ணிவிடுவேன். சொல்லிவிட்டால் மூச்சு விடும் விதமே மாறிவிடும். அப்புறம் மூச்சிளைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் தரும் போர்க் அட்டையைக் காட்டி (10 என்றால் மிக அதிகம்), "எவ்வளவு இளைக்குது ஐயா?" என்று நடைக்கு முன்னும் பின்னும் கேட்பேன். அந்தப் பெரியவர் 7-ஐத் தொட்டுக் காட்டினார். மகனுக்கு அப்போதுதான் புரிந்தது.

வாங்குவதாக இருந்தால், மணிக்கட்டில் கட்டி விரலுக்கு வயர் போகும், பதிவு வைத்துக்கொள்ளும் மாடலாகப் பாருங்கள். கிளிப் மாதிரி சின்னது நடையில் நழுவும். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கறுப்பு மருதாணி எல்லாம் அளவைக் கெடுக்கும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டவும் வாய்ப்புண்டு. எல்லையை ஒட்டி வரும் எண்களை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சந்தேகம் வந்தால் கழுத்து நாடியை எண்ணிப் பார்க்கிறேன். கருவி காட்டும் துடிப்பு அதோடு ஒத்துப்போகவில்லை என்றால், பக்கத்தில் தெரியும் ஆக்சிஜன் எண்ணை எழுதிக்கொள்வதில்லை.