நீலகிரி வீடுகளுக்கு கார்டியாமொபைல்: படபடப்பை அது நிகழும்போதே பதிய

கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ திடீரென நெஞ்சு படபடத்தால், இ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு சீராகிவிடும். அப்போது எடுத்த இ.சி.ஜி. நார்மல்தான் காட்டும். அந்த இடைவெளிக்கே கார்டியாமொபைல் என்ற இந்தக் கையடக்கக் கருவி. இரண்டு தகடுகளிலும் இரு கை விரல்களை வைத்து 30 விநாடி அசையாமல் இருந்தால், ஒற்றை லீடு இ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தை ஒரே கோணத்தில் காட்டுவது) போனில் பதிவாகும்.

மலைக் குளிரில் இதன் பெரிய தொல்லை, காய்ந்து விறைத்த விரல்கள். தோல் காய்ந்தால் மின் தொடர்பு குறையும். நடுங்கினால் தசையின் மின்னோட்டமும் கலந்து கோடு முள்முள்ளாகும். கையைச் சூடாக்கி, விரல் நுனியை லேசாக ஈரப்படுத்தி, முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். பேசக்கூடாது. போன் சார்ஜில் இருக்கக்கூடாது. இந்த ஒற்றை லீடு மாடல் ஒலி அலை வழியாகவே போனுக்குத் தகவல் அனுப்புகிறது. மைக்கை மூடும் தடித்த கவரைக் கழற்றிவிடுங்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிப்பதில் இக்கருவி நம்பகமானது. அதில் துடிப்புகளின் இடைவெளி தாறுமாறாக இருக்கும், பி அலை (ஒவ்வொரு துடிப்புக்கும் முன் இ.சி.ஜி.யில் வரும் சிறு மேடு) இருக்காது. பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் கோளாறு என்பதால், அப்படி வந்தால் பதிவின் பி.டி.எஃப்.பை டாக்டரிடம் காட்டி, 12 கோணங்களில் எடுக்கும் முழு 12 லீடு இ.சி.ஜி.யில் உறுதிசெய்தே தீர வேண்டும். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

மாரடைப்பை இது காட்டாது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் கருவியைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை.