நாட்குறிப்பா, நான்கு கட்டமா, ஹைக்கூவா?

ஜப்பானிய மொழி கற்கிறோம்; அதன் அடிப்படை எழுத்துமுறையான ஹிரகனாவின் 46 எழுத்தும் கைக்குப் பழகிவிட்டன. பாடநூல் வாக்கியங்களையே எழுதிச் சலித்து, காட்பாடி வீட்டு மொட்டைமாடியில் நானும் தங்கையும் வேறு மூன்று வழிகளை முயன்றோம்: பட நாட்குறிப்பு, நான்கு கட்டச் சித்திரக்கதை, ஹைக்கூ. தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது பட நாட்குறிப்பைத்தான்.

ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் இதை வீட்டுப்பாடமாகத் தருவதுண்டு. 'எநிக்கி' என்பார்கள். மேலே படம், கீழே இரண்டு மூன்று வரி. எங்கள் முதல் பக்கம்: 'இசிபா தே நாசு ஓ கைமாஷிதா.' சந்தையில் கத்திரிக்காயை வாங்கினேன். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசையேதான். 'தே' நம் 'இல்', 'ஓ' நம் 'ஐ'. வாங்கியதோ 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். முள்ளை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை. அகராதியைப் புரட்டி 'தொகே' என்று கண்டுபிடித்தோம். காம்பில் ஒவ்வொரு முள்ளாக வரைந்த பிறகு அந்தச் சொல் மறக்கவே இல்லை.

அடுத்த பக்கத்தில் சறுக்கினோம். 'கோட்டையில் கோயில் இருக்கிறது', 'கோட்டையில் படம் வரைந்தேன்' என்ற இரண்டுக்கும் 'தே' போட்டுவிட்டோம். தமிழில் ஒரே 'இல்' போதும். ஜப்பானிய மொழியில் ஒன்று இருக்கும் இடத்துக்கு 'நி', செயல் நடக்கும் இடத்துக்கு 'தே'. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 'நி', தங்கையின் பென்சிலுக்கு 'தே' என்று பிரித்துக்கொண்டோம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்கநிலையான என்5இல் கட்டுரை எழுதச் சொல்வதில்லை. ஆனால் கோடிட்ட இடத்தில் இந்த உருபுகளைக் கேட்பார்கள்.

ஹைக்கூ மிக அழகு. தொடக்கக்காரருக்கு மிகக் குறைந்த பயன். 5-7-5 என்று ஒலி எண்ணுவது காதுக்கு நல்ல பயிற்சி. 'வேலூர்', வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகனா எழுத்தில் 'பே-எ-ரு-உ-ரு' என ஐந்தாகிறது. நமக்கு அரை மாத்திரையான 'ர்' அங்கே முழு 'ரு'. முதல் அடிக்கு நம் ஊர்ப்பெயரே போதும் என்று துள்ளினோம். ஆனால் இந்தக் குறுகிய வடிவில் உருபும் வினையும் அடிக்கடி உதிர்ந்துவிடுகின்றன. நாம் பழக வேண்டியவையே அவைதாம்.

நாட்குறிப்பிலும் ஒரு குறை உண்டு. ஏறக்குறைய எல்லா வரியும் பணிவான இறந்தகால விகுதியான 'மாஷிதா' என்றே முடிகிறது. நான் மட்டுமே பேசுகிறேன், கேள்வி கேட்க எவருமில்லை. இரண்டு மாதம் எழுதியபின் நான்கு கட்டச் சித்திரக்கதைக்கு, அதாவது யோன்கோமாவுக்கு, மாறலாம்: தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. நண்பர்கள் பேசும் கதையை மட்டும் முதலில் தொடாதீர்கள். அவர்கள் வாயில் பணிவான 'கைமாஷிதா' பொருந்தாது, நெருக்கமானவர்களிடம் பேசும் வடிவமான 'கத்தா' ஆகிவிடும். அது பிறகு வரும் பாடம். கடைக்காரரும் வாடிக்கையாளரும் என்றால் பணிவு வடிவமே பொருந்தும். நாங்கள் அதே கத்திரிக்காய்ப் பக்கத்தை எடுத்தோம். முதல் கட்டத்தில் தங்கை கேட்கிறாள்: 'இகுரா தெசு கா?' விலை என்ன? மூன்றாம் கட்டத்தில் முள் குத்துகிறது.