911 ஜிடி3: செராமிக் பிரேக்கா, வார்ப்பிரும்பா?

‘992’ எனப்படும் தலைமுறையைச் சேர்ந்த போர்ஷே 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு வகை பிரேக் உண்டு. காரோடு வருவது வார்ப்பிரும்பு டிஸ்க்: விட்டம் முன்னால் 408 மி.மீ., பின்னால் 380. தனியாகக் காசு கொடுத்தால் கார்பன் செராமிக்: 410, 390. கார் வெளிவந்தபோது அமெரிக்காவில் இதற்கு 9,000 டாலருக்கு மேல் கேட்டார்கள்.

செராமிக் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். பெடலை ஒருமுறை முழுதாக மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு இரண்டுக்குமே பலம் உண்டு. அதற்குமேல் நிற்கும் தூரம் டயரின் பிடிப்பைப் பொறுத்தது. செராமிக்கின் நிஜமான லாபம் எடை. அதே அளவு இரும்பு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதிதான். ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சுற்றும் எடை குறைவதால் மேடுபள்ளத்தில் டயர் தரையை நன்றாகப் பற்றும். துருப்பிடிக்காது, வீலில் கறுப்புத் தூசும் அதிகம் படியாது. சாலையில் மட்டும் ஓட்டினால் டிஸ்க் மாற்றும் வேலையே பெரும்பாலும் வராது.

ரேஸ் ட்ராக்கில் கணக்கு மாறுகிறது. இரும்பு டிஸ்க் தேய்ந்து மெலியும். குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும், மைக்ரோமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். டிஸ்க்கில் உள்ள துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் வருவது சகஜம். அவை ஒன்றோடொன்று சேர்ந்தாலோ டிஸ்க்கின் ஓரத்தைத் தொட்டாலோ கழற்றிவிட வேண்டும்.

செராமிக் அப்படித் தேய்வதில்லை, எரிகிறது. சிலிக்கன் கார்பைடுக்குள் இருக்கும் கார்பன் இழைகள், டிஸ்க் அடிக்கடி பழுக்கக் காய்ந்தால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கரைந்துபோகும். தடிமன் அப்படியே இருக்கும், எடை இறங்கியிருக்கும். அதனால்தான் இந்த டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடையையும் பொறிக்கிறார்கள். கழற்றித் துடைத்துத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். கழற்றாமலே மின்காந்த முறையில் அளக்கும் கருவியும் உண்டு. பழைய ஜிடி3 வாங்குகிறவர் இந்த அளவீட்டைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஒரு செராமிக் டிஸ்க்கின் விலைக்கு நான்கு சக்கரத்துக்கும் இரும்பு டிஸ்க் வாங்கிவிடலாம்.

செராமிக்கில் ட்ராக் ஓட்டுபவர்கள், டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடைக் கடைசிவரை தேய்க்காமல் பாதியிலேயே மாற்றுவது நல்லது. பேட் மெலிந்தால் சூடு, அதை அழுத்தும் காலிபருக்குள் போகும், பிரேக் ஆயிலும் கொதிக்கும். ஆயில் விஷயம் இரும்புக்கும் அதேதான்: டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் அது 155 வரை இறங்கலாம். ட்ராக்குக்குப் போகும் முன் ஆயிலைப் புதிதாக மாற்றிவிடுங்கள். செராமிக்கின் பேடை இரும்பிலோ இரும்பின் பேடை செராமிக்கிலோ போடவே கூடாது.

செராமிக்கில் இன்னொரு ஆபத்து டயர் கடையில் காத்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் டிஸ்க்கின் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயர்ந்துவிடும். சக்கரத்தை நேராகப் பிடித்து, டிஸ்க்கில் படாமல் மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். நட்டுக் கழற்றும் எந்திரத்தோடு ஓடிவரும் பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரும்பில் பெடல் அதிர ஆரம்பித்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். புது பேட் போட்டதும் 100 கி.மீ. வேகத்திலிருந்து 50-க்கு எட்டுப் பத்து முறை மிதமாக அழுத்தி, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விட்டால் இதைத் தவிர்க்கலாம். சூடான பிரேக்கை மிதித்தபடி நிற்பதும் இதே கோளாறைக் கொண்டுவரும்.

மாதாமாதம் ட்ராக் போகிறவருக்கு இரும்புதான். போர்ஷேயின் கப் பந்தயக் காரே 380 மி.மீ. உலோக டிஸ்க்கில்தான் ஓடுகிறது. மலைச் சாலை, நெடுஞ்சாலை, வருடத்துக்கு ஒன்றிரண்டு ட்ராக் நாள் என்றால் செராமிக் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே செராமிக்கோடு கார் கைக்கு வந்து, ட்ராக் ஆசையும் இருந்தால், அந்த டிஸ்க்குகளைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே காலிபருக்குப் பொருந்தும் இரும்பு டிஸ்க்கும் அதற்குரிய பேடும் போட்டு ஓட்டுங்கள். விற்கும்போது செராமிக்கைத் திரும்ப மாட்டினால் விலை இறங்காது.