பால்கனிக்கு எவர்சில்வர் கம்பி வலை: ஆறு மாதங்களுக்குப் பின்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில், பழைய மரங்கள் நிறைந்த தெருவில் குடியிருக்கும் எங்கள் வீட்டுக்கு நாட்டுக் குரங்குகள் வராத நாளில்லை. தலைமயிர் குல்லாய் போலப் படர்ந்திருக்கும், தென்னிந்தியாவுக்கே உரிய இனம் அது. முதலில் கட்டியிருந்த நைலான் வலையை, குட்டியை வயிற்றோடு அணைத்திருந்த பெண் குரங்கொன்று ஒரு முழம் அளவுக்குக் கடித்துக் கிழித்து, உள்ளே வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துச் சென்றதை என் மாமியார் கண்ணெதிரே கண்டார்.

அதன் பிறகு பேட்டைப் பக்கத்துக் கடையொன்றில் சொல்லி, அரை அங்குலக் கட்டமுள்ள எவர்சில்வர் கம்பி வலையைப் பொருத்தினோம். ஆட்கள் இருவர் ஒரே நாளில் சட்டத்தைச் சுவரில் திருகி, வலையைப் பறைத்தோல் போல இழுத்துக் கட்டினார்கள். தொய்ந்த வலையில் பறவைகளின் கால் சிக்கிக்கொள்ளும் என்பதால், இந்த இறுக்கத்தையே நான் பெரிதும் மதிக்கிறேன். செம்பருத்தித் தொட்டியை வெளித்திண்டுக்கு மாற்றியதால் தேன்சிட்டின் வரவும் நிற்கவில்லை.

குறை ஒன்று உண்டு. மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாக அணில் நுழைந்து, மிதியடியின் தேங்காய் நாரை உருவிக் கூடு கட்டத் தொடங்கியது. 3 முறை அழைத்த பின்பே வந்து அடைத்தார்கள். நைலானைவிட விலை கூடுதல்தான். ஆனாலும் குழந்தைகள் உள்ள வீட்டார் தயங்காமல் பொருத்தலாம். மூலைகளை விரல் விட்டுப் பார்த்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.